பதினாறு மணித்துளிகள்

ஐந்தருவிச் சாலை, குற்றாலம்
19 சூன் 2025

மதிப்பிற்குரிய செந்தில்வேல் அண்ணாச்சிக்கு,

முத்துவடிவு எழுதுகிறேன். இருபத்தோர் ஆண்டுகளாகப் பட்டிமன்ற மேடைகளில் எதிரெதிர் அணியில் நின்று வழக்காடியிருக்கிறோம். ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை. என் தொண்டை இப்போது எழுத வைத்திருக்கிறது. குரல்நாணில் இரண்டு முடிச்சுகள். நாற்பது நாள் ஒரு சொல்லும் கூடாது, முணுமுணுப்பும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கைப்பேசியை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். தென்காசிக்கும் இங்கும் நாள்தோறும் ஓடும் மூசாவின் ஆட்டோதான் நமக்கு அஞ்சல் வண்டி.

சாரல் இறங்கிவிட்டது. விடுதியில் சமைத்துத் தரும் உலகம்மைக்கு நான் ஒரு வேடிக்கைப் பொருள். "வாயத் தொறக்காம இருக்கதுக்கா ரூம் எடுத்துத் தங்கியிருக்கிய? எங்க வீட்ல அத ஓசியிலயே செய்யச் சொல்லுதாவளே!" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

எனக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை, அண்ணாச்சி. முதல் நான்கு நாளும் விழித்த உடனே, இன்று எந்த ஊர் என்று கை நாட்குறிப்பைத் தேடிற்று. ஐந்தாம் நாள்தான், காதில் விழுவது கைதட்டல் அன்று, அருவி என்பது எனக்கு உறைத்தது.

குறிப்பேடு ஒன்று வாங்கி முதற்பக்கத்தில் 'இனி' என்று தலைப்பிட்டிருக்கிறேன். இனி திங்களுக்கு எட்டுக் கூட்டங்களுக்கு மேல் ஒப்புவதில்லை. மேடையேறும் முன் பசியாற உண்பது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுக்கலை பற்றி ஒரு நூல் எழுதுவது. இவையெல்லாம் என் கையில் இருப்பவை. நான்காவது உங்கள் வாயில் இருக்கிறது.

"எங்க மச்சான் தாணு கடைசியா வாயத் தொறந்தது தாலி கட்டும்போது. அதுவும் கொட்டாவிக்கு!" இதை நீங்கள் சொல்லாத ஊரில்லை. என் கணவர் தாணு மறைந்து இரண்டாண்டு ஆகிறது. வெளியூர்க் கூட்டங்களுக்கு அது தெரியாது. நீங்கள் சொல்கிறீர்கள், அவர்கள் சிரிக்கிறார்கள், நான் தலையில் கைவைத்து நாணுவதுபோல் நடிக்கிறேன். வீட்டில் அவர் வாய் ஓய்ந்ததே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். போனவரை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

தங்கை,
முத்துவடிவு


தென்காசி
22 ஜூன் 2025

அன்புத் தங்கை முத்துவடிவுக்கு,

"பதில் வாங்காம வரக்கூடாதுன்னு அக்கா எழுதிக் காட்டிட்டாவ அண்ணாச்சி" என்று சொல்லி மூசா என் வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டான். வாய் மூடியிருக்கும்போதும் அதிகாரத்துக்குக் குறைவில்லை, வாழ்க!

உனக்கு ஓய்வா? கேட்கும்போதே சிரிப்பு வருகிறது. மேடை என்பது பேருந்து இருக்கை போன்றது அம்மா. நாம் எழுந்தால் துண்டு போட ஆள் நிற்கிறது. குரலுக்காக நாற்பது நாள் என்கிறாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இனி' என்று தலைப்பிட்டு இலக்கு எழுதுகிற அளவுக்கு என்ன வந்துவிட்டது? திங்களுக்கு எட்டுக் கூட்டம் என்று நீ சொன்னால் ஒன்பதாவதை வேறொருத்தி வாங்குவாள். அடுத்த ஆண்டு உன் எட்டும் அவளிடம் இருக்கும்.

மச்சான் செய்திக்கு வருகிறேன். அந்த ஒரு வரிக்குக் கூட்டம் எப்படிக் குலுங்கும் என்பதை நீ அறிவாய். இரண்டாண்டாக முகம் சுளிக்காதவள் இன்று ஏன் சுளிக்கிறாய்? காரணம் சொல். வலுவான காரணமாக இருந்தால் அன்றே விட்டுவிடுகிறேன். வழக்காடியே பிழைப்பவன் நான், சான்று இல்லாமல் எதையும் ஒப்ப மாட்டேன்.

ஜூலை ஆறாம் நாள் பாவூர்சத்திரத்தில் காய்கனி வணிகர் விழா. 'வாழ்வை உயர்த்துவது உழைப்பா, ஓய்வா?' என்பது தலைப்பு. வழக்கம்போல் நான் உழைப்பு. ஓய்வுக்குப் பேச வேண்டியவளோ உண்மையிலேயே ஓய்வெடுக்கப் போய்விட்டாள். இந்த ஒரு வரியே முதல் கைதட்டலுக்குப் போதும்!

அண்ணன்,
செந்தில்வேல்


குற்றாலம்
26 சூன் 2025

அண்ணாச்சிக்கு,

சான்று கேட்டீர்கள். வேறு எவருக்கும் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். என்னோடு மேடையில் இருந்தவர் நீங்கள் ஒருவரே என்பதுதான் காரணம்.

இரண்டாண்டுக்கு முன் தை மாதம், புளியறைப் பள்ளி ஆண்டுவிழா, மாலை நான்கு மணி. இவர் தென்காசி மருத்துவமனையில் இருந்தார். தேறிவிடுவார் என்று சொல்லியிருந்ததால் ஒப்புக்கொண்ட கூட்டத்துக்கு வந்தேன். எனக்குப் பதினெட்டு மணித்துளிகள். நேரம் பார்ப்பதற்காகக் கைப்பேசியை எப்போதும் ஒலிவாங்கியின் கீழே, குறிப்புத்தாளின் மேல் வைப்பேன். அன்றும் வைத்திருந்தேன். பேசத் தொடங்கிய இரண்டாம் மணித்துளியில் அதில் எழுத்து ஒளிர்ந்தது. அவர் தங்கை ஜோதிலட்சுமி. "மதினி, அண்ணன் ஒங்களத் தேடுதான். ஒடனே வாங்க."

நான் அதைப் படித்தேன், அண்ணாச்சி. தெளிவாகப் படித்தேன். படித்துவிட்டு எஞ்சிய பதினாறு மணித்துளிகளும் பேசினேன். மணி அடித்த பிறகே இறங்கினேன். எல்லைச் சாவடி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து நான் மருத்துவமனைப் படியேறியபோது அவர் போய்ப் பத்து மணித்துளிகள் ஆகியிருந்தன. கழித்துப் பாருங்கள். நான் இரண்டாண்டாகக் கழித்துக்கொண்டே இருக்கிறேன்.

"கூட்டம் முடிஞ்சிட்டா, கூட்டம் முடிஞ்சிட்டான்னு கேட்டுக்கிட்டே கெடந்தான் மதினி." ஜோதிலட்சுமி என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அதன்பின் அவள் என்னோடு பேசுவதில்லை.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் இறங்காதது கடமையால் அன்று. கூட்டம் என் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, அந்தக் கைதட்டலை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் கொட்டாவி என்று சொல்லும்போதெல்லாம் கடைசி நேரத்தில் அவர் வாய் திறந்து கேட்ட கேள்வி எனக்குக் கேட்கிறது. தொண்டை முடிச்சு பேசிப் பேசி வந்தது என்கிறார் மருத்துவர். நான் மறுக்கவில்லை. இந்தச் சான்று போதுமா?

முத்துவடிவு


தென்காசி
8 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

உன் மடல் என்னை உலுக்கிவிட்டது. உடனே எழுத ஓடவில்லை, பொறுத்துக்கொள். கொட்டாவி நகைச்சுவை இனி இல்லை. இது உன் அண்ணனின் வாக்கு. பாவூர்சத்திரத்திலேயே நிறுத்திவிட்டேன்.

அந்தக் கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டாயிரம் பேர். மூட்டை இறக்குபவர்கள், டெம்போ ஓட்டுநர்கள், காய் கொண்டுவந்த உழவர்கள் என்று சந்தை முழுவதும் திரண்டிருந்தது. உழைப்பு அணியை அப்படி எவரும் தூக்கி நிறுத்தியதில்லை என்று நடுவரே சொன்னார். கைதட்டல் எழவில்லை தங்கச்சி, அழுகை எழுந்தது! மூட்டை தூக்கும் சுடலைமணி மேடையருகே வந்து, "அண்ணாச்சி, அந்த அக்காவ ஒருவாட்டிக் கண்ணால பாக்கணும்" என்று கும்பிட்டான்.

நீ மேடையில் இல்லாமலே அன்று மேடையை ஆண்டாய். அவ்வளவு மட்டும் இப்போது சொல்கிறேன். மீதியை நேரில் சொல்கிறேன். தொண்டையைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
செந்தில்வேல்


குற்றாலம்
11 சூலை 2025

திரு. செந்தில்வேல் அவர்களுக்கு,

மீதியை நீங்கள் நேரில் சொல்ல வேண்டியதில்லை. உலகம்மை சொல்லிவிட்டாள். நேற்றுக் காலை அவள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண்ணெல்லாம் நீர். "யக்கா, இது நீங்கதான? புருசன் சாகக் கெடக்கையிலயும் வேலைய விடாம நின்னியளாமே! எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சுக்கா." நேற்றிலிருந்து எனக்கு இரண்டு தோசை கூடுதலாக வைக்கிறாள். என் பழிக்குப் படையல்!

காணொளியை முழுமையாகப் பார்த்தேன். என் மடல் உங்கள் கையில் இருந்தது. என் கையெழுத்து ஒளிவெள்ளத்தில் தெரிந்தது. இரண்டாம் மணித்துளியில் எழுத்து ஒளிர்ந்ததைப் படித்தீர்கள். பதினாறு மணித்துளிகளைப் படித்தீர்கள். "கூட்டம் முடிஞ்சிட்டா" என்பதை மும்முறை, மூன்று குரலில், மூன்றாம் முறை தழுதழுத்துப் படித்தீர்கள். "இதுவன்றோ உழைப்பு! இவளன்றோ தமிழ்மகள்!" என்று முழங்கினீர்கள். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டீர்கள். தாளைத் திருப்புவதுபோல் திருப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டிவிட்டீர்கள். இருபத்தோர் ஆண்டு உங்கள் எதிரே நின்றவள் நான். நீங்கள் எந்த இடத்தில் செருமுவீர்கள் என்பது எனக்குத் தெரியாதா?

எவரைக் கேட்டுப் படித்தீர்கள்? இறந்தவரை மேடையிலிருந்து இறக்குங்கள் என்றுதானே கேட்டேன்? சிரிப்பு நாற்காலியிலிருந்து எழுப்பி அழுகை நாற்காலியில் உட்கார வைப்பதற்குப் பெயர் இறக்குவதா? என் வெட்கத்தை வீரம் என்று முழங்க உங்கள் நாக்கு எப்படித் துணிந்தது? அந்தச் சந்தையில் தன் மனைவி பிள்ளைப்பேற்றுக்குக் கிடக்கும்போது மூட்டை தூக்கிக்கொண்டிருப்பவன் ஒருவன் இருப்பானே, அவனுக்கு என்ன கற்பித்தீர்கள்? நானும் போக வேண்டியதில்லை என்றா?

குறிப்பேட்டில் எழுதியவை அனைத்தையும் அடித்துவிட்டேன். இப்போது என் இலக்கு ஒன்றே. அடுத்து நீங்கள் ஏறும் மேடையில் அந்த விடுபட்ட வரியைப் படிக்க வேண்டும்.

முத்துவடிவு


தென்காசி
15 ஜூலை 2025

தங்கச்சி,

'திரு' என்று என்னை விளித்திருக்கிறாய். இருபத்தோர் ஆண்டுக்கு நல்ல விலை.

நான் உன்னை விற்றேன் என்கிறாய். உன்னை உயர்த்தினேன் என்கிறேன். கொட்டாவி மச்சானின் மனைவியாக ஊர் அறிந்திருந்த உன்னை இன்று கைகூப்பிக் கும்பிடுகிறார்கள். பதினேழு ஊர்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. எல்லாருக்கும் நீதான் வேண்டுமாம், நானில்லை. நீ ஓய்வெடுக்கப் போனபோது உன் நாற்காலி போய்விடும் என்று அஞ்சினேன். இன்று உனக்கு நாற்காலியன்று, அரியணை காத்திருக்கிறது. அதைச் செய்தவன் யார்?

அந்த வரியை மேடையில் படிக்க முடியாது. படித்தால் கூட்டம் உன்னை வெறுக்கும். மூன்று ஆண்டுக்கு முன் சொன்னதையும் நினைவில் வைத்திருந்து கேட்கும் ஊர் இது. கைதட்டலுக்காகக் கணவனை விட்டவள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு எந்தச் சொல்லாலும் அழிக்க முடியாது. நான் விட்டது உனக்காகத்தான்.

இருபத்தேழாம் நாள் ஞாயிறு, உன் ஊரிலேயே, அருவிக்கரைத் தமிழ் விழா. உன் நாற்பது நாளும் அதற்குள் முடிந்துவிடும். சுவரொட்டி ஒட்டியாயிற்று: 'கணவர் பிரியும் வேளையிலும் கடமை பிரியா வீரமங்கை முத்துவடிவு. நீண்ட ஓய்வுக்குப் பின் முதல் முழக்கம்!' என்னைக் கேட்காமல்தான் அச்சடித்தார்கள். ஆனால் நன்றாக இருக்கிறது. சினம் தணிந்து வா.

செந்தில்வேல்


குற்றாலம்
18 சூலை 2025

சுவரொட்டியைப் பார்த்தேன். மங்குஸ்தான் கடைச் சுவரில், என் படத்தருகே அவர் படமும் இருக்கிறது. சாரலில் பாதி நனைந்து அவர் முகம் மட்டும் உரிந்து தொங்குகிறது. அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்குவது. மாலையை அழித்துவிட்டு அச்சடித்திருக்கிறார்கள். அதை உங்கள் கைப்பேசியைத் தவிர வேறெதிலும் எவரும் படமெடுத்ததில்லை. உங்களைக் கேட்காமல் அச்சடித்தார்கள் என்பது நல்ல வரி.

வருகிறேன். எனக்குரிய நேரத்தில் அந்த வரியை நானே சொல்வேன். நீங்கள் மறுத்துப் பேசலாம், அது உங்கள் உரிமை.

முத்துவடிவு


தென்காசி
24 ஜூலை 2025

முத்துவடிவு,

மூசாவிடம் இதை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். "என்ன அண்ணாச்சி, பசைய இப்டி அப்புதிய, அக்கா கிழிக்கதுக்குள்ள கெழவியாயிருவாவ" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நீ மட்டும் படி. படித்தபின் கிழித்துவிடு.

அந்த வரியைச் சொல்லாதே. உனக்காக என்று சென்ற மடலில் எழுதினேன். அது பொய். எனக்காகக் கேட்கிறேன்.

புளியறையில் நீ பேசிக்கொண்டிருந்தபோது ஜோதிலட்சுமி என் கைப்பேசிக்கும் அனுப்பியிருந்தாள். "அண்ணாச்சி, மதினியக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பி வைங்க. அண்ணனுக்கு முடியல." படித்தேன். நடுவரிடம் ஒரு துண்டுச்சீட்டு எழுதி நீட்டியிருந்தால் மணியடித்து உன்னை நிறுத்தியிருப்பார். எழுதுவதற்குத் தாளைக்கூடக் கிழித்துவிட்டேன். அதற்குள் நீ என் அணியை நோக்கி ஒரு கேள்வியை எறிந்தாய், கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அதற்கு என்னிடம் விடை தயாராக இருந்தது. நீ பாதியில் போய்விட்டால் கூட்டத்தின் மனம் உன் பின்னே போய்விடும், என் விடை எடுபடாது. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். நீ இறங்கிப் போனபின் பதினெட்டு நிமிடம் பேசினேன். வெற்றி எனக்கு.

நீ செய்தது வீரம் என்றால் நான் செய்தது அதற்குத் துணை. நீ செய்தது பிழை என்றால் நான் யார்? இதனால்தான் அந்த வரியில் செருமினேன். உன் மடலை முதல்முறை படித்தபோதே என் வாய் அதைத் தாண்டிவிட்டது.

ஜோதிலட்சுமியிடம் இன்றுவரை நான் அந்தச் செய்தியைப் பார்க்கவில்லை என்றே சொல்லியிருக்கிறேன். விழாவுக்கு அவளும் வருகிறாளாம். எனக்கு வேறு தொழில் தெரியாது, முத்துவடிவு. ஐம்பத்தேழு வயதில் எங்கே போய் இலக்கு எழுதுவேன்?

செந்தில்வேல்


குற்றாலம்
28 சூலை 2025

அண்ணாச்சிக்கு,

நேற்று நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். ஆயினும் எழுதுகிறேன். மேடையில் ஒன்று நடக்கிறது, நாளைக்கு நீங்கள் வேறொன்றைச் சொல்வீர்கள்.

'வீரமங்கை' என்று நடுவர் அழைத்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நாற்பது நாளுக்குப் பின் அந்த ஒலி காதில் விழுந்தது. இனித்தது. மறைக்க மாட்டேன், இப்போதும் இனித்தது. அதுதான் அச்சமாக இருந்தது. ஒலிவாங்கியின் கீழே கைப்பேசியை வைத்தேன். ஐந்தே வாக்கியங்கள் சொன்னேன். "நான் வீரமங்கை அல்லேன். அன்று செய்தியைப் படித்தேன். நான் இறங்காதது கடமையால் அன்று. கூட்டம் என் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, அந்தக் கைதட்டலை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. உங்களை எவரேனும் தேடினால் எழுந்து போய்விடுங்கள்."

எவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர், "இதச் சொல்லவா வந்தா இவ?" என்று உரக்கக் கேட்டார். உலகம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜோதிலட்சுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதில் மன்னிப்பு இருந்ததா என்று தேடினேன். இல்லை. பார்த்தாள், அவ்வளவே.

கைப்பேசியில் இரண்டு மணித்துளிகள் ஆகியிருந்தன. அன்று நான் இறங்கியிருக்க வேண்டிய இடம் அது. இறங்கினேன். எஞ்சிய பதினாறையும் அங்கேயே விட்டுவிட்டேன். நீங்கள் எடுத்துக்கொண்டு பேசினீர்கள் என்று அறிந்தேன். என் உடல்நிலை சரியில்லை என்று சொன்னீர்களாம், கூட்டம் நம்பியதாம்.

உங்கள் மடல் அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. அதை விரித்து ஒருமுறை படித்திருந்தால் போதும். உங்கள் சட்டைப்பைச் சீட்டை இரண்டாயிரம் பேருக்குக் காட்டியிருக்கலாம். ஜோதிலட்சுமி பத்தடியில் இருந்தாள். நான் படிக்கவில்லை. இரக்கத்தால் அன்று. எனக்கு எழுதப்பட்டது எனக்கு மட்டும் எழுதப்பட்டது என்பதால். அவளிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்வீர்களா என்பது இனி என் கணக்கில் இல்லை. மடலைக் கிழிக்கவும் இல்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அழைத்த பதினேழு ஊர்களில் பதினாறு ஊர்கள் இன்று காலையே வேண்டா என்று செய்தி அனுப்பிவிட்டன. பதினேழாவது ஊருக்கு இன்னும் காணொளி எட்டவில்லை போலும். குறிப்பேட்டில் 'இனி' என்ற சொல்லின் கீழே இப்போது ஒன்றுமில்லை. அதை அப்படியே விடுகிறேன்.

மேடையிலிருந்து இறங்கி நேரே மூசாவின் ஆட்டோவில் ஏறினேன். "எங்கன போவணும்க்கா? அதுக்குள்ளயா வந்துட்டிய?" என்று கேட்டான். விடையை எழுதிக் காட்டும் பழக்கத்தில் கை தாளைத் தேடிற்று. பிறகு நினைவு வந்தது, இனி நான் பேசலாம். வண்டியில் எங்கள் இருவரைத் தவிர வேறு எவரும் இல்லை. ஆனாலும் நான் சொன்னது மூசாவுக்கு அன்று.

"கூட்டம் முடிஞ்சிட்டு" என்றேன்.

முத்துவடிவு